டேப்பை எடுக்கும் முன்

1. 10 மி.மீ. 1 செ.மீ., 100 செ.மீ. 1 மீட்டர், 1,000 மீட்டர் 1 கி.மீ. வீட்டு வேலைக்கு இவ்வளவு போதும். டெசிமீட்டர், டெக்காமீட்டரை எந்தக் கடையிலும் கேட்பதில்லை.

2. பெருக்குவதா, வகுப்பதா என்று குழப்பமா? சின்ன அலகுக்கு மாற்றினால் எண் பெருகும். பெரிய அலகுக்கு மாற்றினால் சிறுக்கும்.

3. ஃப்ரிட்ஜ் விவரத்தில் 600 x 650 x 1,700 என்று இருந்தால் அது மி.மீ. கடைசி சைபரை எடுத்துவிட்டால் செ.மீ. கிடைக்கும். நிற்கப்போகும் இடத்தோடு வாசல்கதவின் அகலத்தையும் அளந்துவிடுங்கள்.

4. கண்ணாடி, அலுமினிய ஜன்னல், கொசுவலைச் சட்டம் எதற்கும் அளவை மி.மீ.-இல் எழுதிக் கொடுங்கள். 1.2 என்று எழுதினால் புள்ளி அழிந்து 12 ஆகலாம். 1200 என்றால் அந்த வம்பே இல்லை. வெட்டின கண்ணாடியைக் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார். இரும்பு டேப்பின் நுனிக் கொக்கி லேசாக ஆடுகிறதே என்று சுத்தியலால் தட்டி இறுக்காதீர்கள். வெளியே மாட்டி இழுக்கும்போதும் உள்ளே முட்டவைத்து அளக்கும்போதும் கொக்கியின் தடிமனைச் சரிக்கட்டவே அது அப்படி ஆடுகிறது.

5. டேப் கையில் இல்லையா? இப்போது புழக்கத்தில் உள்ள 500 ரூபாய் நோட்டின் நீளம் 15 செ.மீ. ஏ4 தாள் 29.7 செ.மீ. நீளம், 21 செ.மீ. அகலம். 10 ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மி.மீ.

6. புடவை லேபிளில் 6.3 மீட்டர் என்றால் 6 மீட்டர் 30 செ.மீ. 6 மீட்டர் 3 செ.மீ.-ஐ 6.03 என்றுதான் எழுத வேண்டும். ஐந்தரை மீட்டர் புடவையும் 80 செ.மீ. ரவிக்கைத் துணியும் சேர்ந்தால் 6.3 வந்துவிடும்.

7. டைல்ஸ் கடையில் ‘ரெண்டுக்கு ரெண்டு’ என்பார்கள். பெட்டியில் 600 x 600 மி.மீ. என்று இருக்கும். 2 அடி என்பது 609.6 மி.மீ. ஒரு கல்லுக்கு ஒரு செ.மீ. கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் 10 அடிக்கு 5 கல் வைத்தால் 48 மி.மீ. குறையும், இணைப்பு இடைவெளி அதில் கொஞ்சத்தைத்தான் ஈடுகட்டும். ஆகவே மீட்டரில் கணக்குப் போடுங்கள்: ஒரு கல் 0.36 சதுர மீட்டர். 100 சதுர அடி அறை 9.29 சதுர மீட்டர். வகுத்தால் 26 கல் வருகிறது, 25 அல்ல. உடைசல், வெட்டுக்கு மேற்கொண்டு சில. இன்னொன்று: 1 சதுர மீட்டருக்கு 10,000 சதுர செ.மீ.; 100 என்று போட்டுவிடாதீர்கள்.

8. செய்தியில் 5 செ.மீ. மழை என்றால் 50 மி.மீ. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் அன்றைக்கு விழுவது 5,000 லிட்டர். உங்கள் தொட்டி 1,000 லிட்டர்தான் என்றால், மீதியைக் கிணற்றுக்குத் திருப்பும் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று ஐப்பசிக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.