பிளாட்டினத்தைக் குறைக்கப் புறப்பட்ட தம்பிக்கு



தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கப் பிளாட்டினம் குறைந்த உலோகக்கலவை, இதுதான் உன் பி.எச்டி. தலைப்பு என்று கேள்விப்பட்டேன். நல்ல தலைப்பு. ஒரு டன் பாறையை வெட்டி அரைத்தால் சில கிராம் மட்டுமே தேறும் உலோகம் அது. உலகத்துக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டு பகுதியிலிருந்து வருகிறது. அதைச் சிக்கனமாகச் செலவழிக்க வழி கண்டால் எல்லாருக்கும் நல்லது. ஆனால், கடையில் வாங்கும் பிளாட்டினம்-கார்பனை மிஞ்சிவிட்டோம் என்று சொல்லும் பேப்பர்கள் இந்தத் துறையில் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பலவற்றை என்னால் நம்ப முடிவதில்லை. ஏன் என்று நீ உலையைப் பற்றவைப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அமிலம். எல்லாரும் அரை மோலார் கந்தக அமிலத்தில்தான் தொடங்குகிறார்கள். அங்கே பிளாட்டினம் அபார வேகக்காரன். பந்தியில் எவ்வளவு வேகமாகப் பரிமாறினாலும், சாப்பிட்டவர்கள் எழுந்து இடம் விட்டால்தான் அடுத்த பந்தி. அதுபோல, உண்டான ஹைட்ரஜன் மின்வாயின் பரப்பை விட்டு விலகும் வேகம்தான் சுழலும் வட்டு மின்வாயில் உனக்குக் கிடைக்கும் கோட்டைத் தீர்மானிக்கிறது. டாஃபெல் சரிவு (மின்னோட்டம் பத்து மடங்கு கூடத் தேவைப்படும் மின்னழுத்தம்) 30 மில்லிவோல்ட் வந்தால் ‘டாஃபெல் படிதான் (இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேரும் படி) வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது’ என்று உடனே எழுதிவிடாதே. ஹைட்ரஜன் விலகுவது மட்டுமே தடையாக இருந்தாலும் அதே 30தான் வரும். அந்த நிலையில் உன் உலோகக்கலவையும் கடைப் பிளாட்டினமும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். இரண்டு மில்லிவோல்ட் வித்தியாசத்தைக் காட்டி வெற்றி என்று சொல்வதில் பொருளே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் காஸ்டைகர் குழுவினர் 2018-இல் ஒரு சோதனை செய்தார்கள். அமிலச் சூழலில் ஓடும் பி.இ.எம். (புரோட்டான் சவ்வு) எலக்ட்ரோலைசரில் ஹைட்ரஜன் பக்கத்துப் பிளாட்டினத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு 0.3 மில்லிகிராமிலிருந்து 0.025 ஆகக் குறைத்தும் செல்லின் செயல்பாடு குறையவில்லை. சாதாரணப் பிளாட்டினத்தை வைத்தே இதைச் சாதித்தார்கள். அந்த செல்லில் உண்மையான நெருக்கடி ஆக்சிஜன் பக்கத்து இரிடியத்தில் இருக்கிறது. உலகம் முழுவதுக்கும் ஆண்டுக்கு ஏழெட்டு டன்தான் அது கிடைக்கிறது. அப்படியிருக்க, அமில செல்லின் ஹைட்ரஜன் பக்கத்துக்கு இன்னொரு உலோகக்கலவை எதற்கு என்று உன் கைடிடமே கேள். மரியாதையாகக் கேள், ஆனால் கேட்காமல் விடாதே.

என்னைக் கேட்டால், காரத்துக்குப் போ. பிளாட்டினமே திணறும் இடம் அதுதான். வினையின் வேகம் அங்கே ஏறத்தாழ நூறு மடங்கு குறைந்துவிடுகிறது. அமிலத்தில் புரோட்டான் தயாராக இருக்கிறது. காரத்திலோ தண்ணீர் மூலக்கூறை உடைத்துத்தான் ஹைட்ரஜனைப் பிடுங்க வேண்டும், அதில் பிளாட்டினத்துக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் மார்க்கோவிச்சும் கூட்டாளிகளும் 2011-இல் பிளாட்டினத்தின் மேல் நிக்கல் ஹைட்ராக்சைடைத் திட்டுத்திட்டாகப் படியவைத்து, வேகம் பல மடங்கு கூடியதைக் காட்டினார்கள். திட்டின் விளிம்பு தண்ணீரை உடைக்கிறது, பக்கத்துப் பிளாட்டினம் ஹைட்ரஜன் அணுக்களைச் சேர்த்து வெளியே அனுப்புகிறது என்பது அவர்கள் விளக்கம். அந்த விளக்கம் முழுமையானதா, ஹைட்ரஜனோடு பிளாட்டினத்துக்கு உள்ள பிணைப்பின் வலிமைதான் முக்கியமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. உனக்கு அது நல்லதே. நல்ல அளவீட்டுக்கு மதிப்புள்ள இடம்.

பிளாட்டினம்-நிக்கல் கலவையைக் காரத்தில் வைத்தால் நிக்கல் பரப்பில் ஹைட்ராக்சைடாகி நிற்கும். அமிலத்தில் அதே நிக்கல் கரைந்து ஓடிவிடும், மிஞ்சுவது பிளாட்டினத் தோலும் ஓட்டையும்தான். சோதனைக்கு முன் எடுத்த எக்ஸ்-ரே படத்தை வைத்து ‘ஒரு பிளாட்டினத்துக்கு மூன்று நிக்கல்’ என்று தலைப்பில் போடுகிறார்கள். சோதனை முடிந்தபின் இருப்பது வேறு பொருள். அதன் கலவையையும் அளந்து எழுது.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். பல ஆய்வகங்களில் துணை மின்வாயாக (கவுன்டர் எலக்ட்ரோடாக) பிளாட்டினக் கம்பியையே போடுகிறார்கள். நீ இந்தப் பக்கம் ஹைட்ரஜன் எடுக்கும்போது அந்தக் கம்பி ஆக்சிஜன் பக்கமாக நின்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கரைந்த பிளாட்டினம் நீந்தி வந்து உன் மின்வாயில் படிகிறது. ஆயிரம் சுற்று ஓட்டியபின் செயல்திறன் கூடியிருப்பதைப் பார்த்து ‘தானாகவே சுறுசுறுப்படைகிறது’ என்று மகிழ்ந்துபோகிறார்கள். பிளாட்டினமே இல்லாத வினையூக்கி செய்கிறவன் என்றால், பரப்பிலுள்ள தனிமங்களைக் காட்டும் எக்ஸ்.பி.எஸ்.ஸில் பிளாட்டினக் கோடு தெரிந்ததும் விழித்துக்கொள்வான். உன் பொருளில் பிளாட்டினம் ஏற்கெனவே இருக்கிறதே! வந்தது எது, இருந்தது எது என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். குறைந்த பிளாட்டினத்தில் வேலை செய்கிறவனைப் போல இதில் ஏமாறக்கூடியவன் வேறு யாருமில்லை. ஆகவே கிராஃபைட் தண்டைப் போடு, நடுவில் சவ்வு வைத்துப் பிரி. முன்னும் பின்னும் மின்வாயிலுள்ள பிளாட்டினத்தை, தனிமங்களின் அளவைச் சொல்லும் ஐ.சி.பி.யில் அளந்து பார். கூடியிருந்தால் அந்தத் தரவு முழுவதும் குப்பைக்கூடைக்கு.

ஒரு மில்லிகிராம் பிளாட்டினத்துக்கு இவ்வளவு ஆம்பியர் என்று கணக்கிடும்போதும் அதே ஐ.சி.பி. எண்ணையே எடுத்துக்கொள். குடுவையில் போட்ட உப்பின் எடையிலிருந்து கணக்குப் போடாதே; கழுவும்போது எவ்வளவு போயிற்று என்று உனக்குத் தெரியாது.

கைவேலையையும் அலட்சியம் செய்யாதே. கிளாஸி கார்பன் வட்டை 0.05 மைக்ரான் அலுமினாவில், துணியின் மேல் எட்டுப் போட்டுத் தேய். முகம் தெரியும்வரை தேய். மைக்ரோபிப்பெட்டால் வினையூக்கி இங்கைச் சொட்டியதும் ஃபேனுக்கு அடியில் வைத்துவிடாதே. கருப்பு ஓரத்தில் வளையமாக ஒதுங்கி நடுவில் வட்டு பளபளவென்று தெரிந்தால், அதில் எடுக்கும் எண் எதற்கும் உதவாது. துடைத்துவிட்டு மறுபடி போடு. காரத்தில் கண்ணாடிக் குடுவை வேண்டாம், பிளாஸ்டிக் செல் வாங்கித் தரச் சொல். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் அனந்தராஜும் சுப்ரதா குண்டுவும் மற்றவர்களும், தண்ணீரைப் பிளக்கும் வினையூக்கிகளைச் சரியாக அளப்பது பற்றி 2018-இல் எழுதிய கட்டுரை இருக்கிறது. முதல் அளவீட்டுக்கு முன் அதைப் படித்துவிடு.

சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் என்று எல்லாரும் ஒப்பிடும் எண், சூரிய ஒளியால் தண்ணீரைப் பிளக்கும் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. பி.இ.எம். செல்கள் அதே பரப்புக்கு ஒன்று, இரண்டு ஆம்பியரில் ஓடுகின்றன. அந்த மின்னோட்டத்தில் குமிழ்கள் வினையூக்கியைப் பெயர்த்துக்கொண்டு வரும். அதனால் வட்டு மின்வாயில் நல்ல முடிவு வந்ததும் நின்றுவிடாதே. எதிரயனிப் பரிமாற்றச் சவ்வு வைத்த சிறிய செல் ஒன்றில் உன் வினையூக்கியைப் பூசி, ஒரு ஆம்பியரில் சில நூறு மணி நேரம் ஓட்டு. உங்கள் ஆய்வகத்தில் அந்த வசதி இல்லையென்றால் இருக்கிற இடத்தைத் தேடிப் போய்க் கேள். ஓட்டி முடித்ததும் கரைசலில் எவ்வளவு பிளாட்டினம், எவ்வளவு நிக்கல் என்று அளந்து, கடைப் பிளாட்டினத்திடம் தோற்றிருந்தாலும் அந்த எண்களை அப்படியே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா