தீபாவளிக்குப் பிள்ளைகளோடு பயறு உருண்டை பிடிப்போம்



தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் லயத்தில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறிவிடும். முறுக்கும் அதிரசமும் வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. அது இல்லாமல் என்ன தீபாவளி? ஆனால் லீவு நாளெல்லாம் பிள்ளைகள் கடைக்கு ஓடி வாங்குகிற சாயம் போட்ட இனிப்புக்கு எவ்வளவு காசு போகிறது என்று கூட்டிப் பாருங்கள். அந்தக் காசில் பயறும் எள்ளும் வாங்கலாம். தாய்க்கும் பிள்ளைக்கும் இரத்தம் காணாது என்று கிளினிக்கில் சொல்கிறார்களே, அதற்கு வேண்டிய இரும்புச் சத்து இவை இரண்டிலும் இருக்கிறது. உடம்பு வளர்க்கும் புரதமும் உண்டு.

2 சுண்டு பயறு, கால் சுண்டு எள்ளு, பாதித் தேங்காய், 250 கிராம் கருப்பட்டி எடுத்துக்கொள்வோம். முதலில் எல்லாரும் பீலித் தண்ணியில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். பயற்றில் கல் பொறுக்குவது சின்னவர்களின் வேலை. எத்தனை கல் என்று எண்ணச் சொன்னால் கணக்கும் வரும்! பயற்றை வாசம் வரும்வரை வறுத்து ஆறவிட்டு, இடித்து அரித்தெடுங்கள். எள்ளு படபடவென்று வெடிக்கும்போது இறக்கிவிடுங்கள், கருகினால் கசக்கும். தேங்காய்ப்பூவை ஈரம் போய்ச் சிவக்கும்வரை வறுக்க வேண்டும். ஈரம் இருந்தால் மறுநாளே ஊசிப்போகும்.

கருப்பட்டியை அரைக் கோப்பைத் தண்ணியில் காய்ச்சி வடிப்பது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. பாகு தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும், பிள்ளைகளை அடுப்புப் பக்கம் விடாதீர்கள். எல்லாவற்றையும் கலந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். உருண்டை கோணலாக வந்தால் வரட்டும். தன் கையால் பிடித்ததை எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று தள்ளுவதில்லை.

சிலர் கச்சானும் சேர்ப்பார்கள், நல்லதுதான். பூஞ்சணம் பிடித்ததையும் கசப்பதையும் மட்டும் வீசிவிடுங்கள். அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழுக் கச்சான் கொடுக்கக் கூடாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

கருப்பட்டியும் இனிப்புத்தான். சீனியைப் போல அதுவும் பல்லைக் கெடுக்கும். ஆளுக்கு ஒன்றிரண்டு போதும், தின்றபின் வாய் கொப்பளிக்க வேண்டும்.

இன்னொன்று. நாம் பறிக்கிற கொழுந்துதான், ஆனாலும் உருண்டையோடு தேத்தண்ணி கொடுக்காதீர்கள். தேயிலைச் சாயம் பயற்றில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். அந்த நேரம் ஒரு கொய்யாப்பழம் கொடுத்தால் இரும்புச் சத்து கூடுதலாகச் சேரும். சோடாவும் வேண்டாம். 2016ஆம் ஆண்டு முதல் இனிப்புப் பானப் போத்தல்களில் சீனி அளவுக்கு வர்ணக் குறி போடுகிறார்கள். சிவப்பு என்றால் சீனி அதிகம். கடைக்குப் போகும்போது பிள்ளைகளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மீந்ததை நன்றாக ஆறியபின் மூடி இறுகிய டின்னில் போட்டு, மூன்று நாளைக்குள் தின்று முடித்துவிடுங்கள். மலைநாட்டு ஈரத்தில் அதற்கு மேல் தாங்காது.