கேள்வியும் தேடலும்

ஆராய்ச்சி என்றதும் நாம் ஆய்வுக்கூடத்தை நினைக்கிறோம். அதற்கு முன் வேண்டுவன தெளிவான கேள்வியும் நூல்தேடலும் ஆகும்.

மலேரியாவை ஒழிப்பது எப்படி என்பது கடல் போன்ற கேள்வி. சீன விஞ்ஞானி தூ யூயூ அம்மையாரின் குழு 1969இல் அதைச் சுருக்கிக்கொண்டது: பழைய மருத்துவ நூல்கள் கூறும் மூலிகைகளில் எது பயன்படும்? ஏடுகளைத் தேடி 2000 குறிப்புகளைத் திரட்டினர். சிங்ஹாவ் என்னும் பூண்டு ஒருமுறை பலன் தந்தது, மறுமுறை தரவில்லை. ஏன்?

அம்மையார் மீண்டும் நூல்களைப் புரட்டினார். 4ஆம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங், பூண்டை நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்னாரேயன்றி, காய்ச்சச் சொல்லவில்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ? குறைந்த வெப்பத்தில் ஈதரால் சாறெடுத்தபோது, 1971இல் எலிகளிடம் முழுப்பலன் கிட்டியது. 2015இல் நோபல் பரிசும் வந்தது.

நாமும் கேள்வியைச் சுருக்குவோம். முன்னோர் கண்டதைத் தேடிக் குறிப்போம். படித்ததைச் சோதித்தும் அறிவோம்.