‘நல்லா இருக்கேன் சார்’

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ஃபோனில் நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “தலையில அடிபட்ட கேஸ் சார். ஆனா ஆளு நல்லா நடமாடுறாரு, பேசுறாரு. கேஸ் கொஞ்சம் வீக்தான்.”

அந்த ‘ஆனா’தான் வழக்கே. கால் போனவர் கோர்ட் வாசலில் நுழையும்போதே பாதி சாட்சியம் வந்துவிடுகிறது. மூளையில் அடிபட்டவர் தலை வாரி, துவைத்த சட்டை போட்டு, நேராக நடந்து வந்து கூண்டில் ஏறுகிறார்.

வக்கீல் தொழிலுக்கு வந்த ஐந்தாம் வருஷம் ஒரு டீ மாஸ்டருக்காக எம்.சி.ஓ.பி. (வாகன விபத்து இழப்பீட்டு மனு) நடத்தினேன். பைக் விபத்து, மூளையில் ரத்தக்கட்டு, ஆபரேஷன். கை கால் சுத்தம். இன்சூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையில் மிரட்டவே இல்லை. சொந்தக்காரர் மாதிரி விசாரித்தார். “உடம்பு எப்படி இருக்கு?” “நல்லா இருக்கேன் சார்.” “டீ போடுவீங்களா?” “இருபது வருஷமாப் போடுறேன் சார், கண்ணை மூடிக்கிட்டே போடுவேன்.” கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அவர் பொய் சொல்லவில்லை. பழைய கைப்பழக்கம் அப்படியே இருந்தது. புதிதாகக் காதில் விழுந்ததுதான் நிற்கவில்லை. “நாலு டீ, ஒண்ணு சர்க்கரை இல்லாம, ரெண்டு லைட்” என்றால் முதல் கிளாஸை ஆற்றி முடிப்பதற்குள் மீதி போய்விடும். திரும்பக் கேட்பார். யாராவது முனகினால் வடிகட்டி பறக்கும். முதலாளி இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது தீர்ப்பு வந்த பிறகு, அவர் மனைவி என் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னபோது. மூளையின் முன்பகுதியில் அடிபட்டால், தனக்கு ஒரு குறை இருக்கிறது என்று உணர்கிற சக்தியும் சேர்ந்தே போய்விடலாம். “நல்லா இருக்கேன்” என்றது காயம். நான் அதை வாக்குமூலம் என்று எண்ணி வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மேல்முறையீட்டில் இழப்பீடு கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான்.

ஆக, முதலில் உன் கட்சிக்காரரோடு பேசு. பக்கத்தில் அவரை உட்கார வைத்துக்கொண்டு அவர் இல்லாதது போல மனைவியிடம் பேசாதே. பிறகு அந்த அம்மாவிடம் தனியாகக் கேள். “என்ன பிரச்சினை?” என்று கேட்டால் அழுவார், தகவல் வராது. “நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து சொல்லுங்க” என்று கேள். அடுப்பை அணைக்காமல் போனது, ஒரே சோப்பை மூன்று தடவை வாங்கி வந்தது, டிவி சத்தத்துக்குப் பிள்ளையை அடிக்கக் கை ஓங்கியது எல்லாம் வரும். அதை அந்த அம்மாவின் வார்த்தையிலேயே பிரமாண வாக்குமூலத்தில் எழுது. ‘சொல்லொணா மன உளைச்சலுக்கு ஆளாகி’ என்று நம் டைப்பிஸ்ட் வைத்திருக்கும் ரெடிமேட் பத்தி வேண்டவே வேண்டாம்.

ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியில் ஜி.சி.எஸ்., அதாவது நினைவு நிலையின் அளவு, எவ்வளவு என்று பார். 3-லிருந்து 15 வரை போகும் அளவு அது. முழு நினைவு என்று பொருள்படும் 15 இருந்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துத் தொங்கும். அது அன்றைய நினைவை அளந்த எண். ஒரு வருஷம் கழித்து அவர் வேலையில் நிற்பாரா என்பதை அது சொல்லாது. அதற்கு ஞாபகம், கவனம், நிதானம் இவற்றைச் சோதிக்கும் நியூரோசைக்காலஜி டெஸ்ட் வேண்டும். சோதித்தவரையே சாட்சியாகக் கூப்பிடு.

மெடிக்கல் போர்டு ஊனம் இத்தனை சதவீதம் என்று எழுதும். சதவீதத்துக்கு இத்தனை ரூபாய் என்று பெருக்கிவிட்டு எழுந்துபோகும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அங்கே நீ விடக் கூடாது. இடது கை போனால் ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடலாம், அரசு எழுத்தருக்கு அப்படியில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. டீ மாஸ்டருக்கு ஞாபகம்தான் கை. நான் அதை வாதாடவில்லை. 2020-ல் இன்னொரு தீர்ப்பு: 12 வயதில் அடிபட்டு, 9 மாதக் குழந்தையின் மனநிலையில் நின்றுபோன சிறுமிக்கு 62 லட்சத்து 27 ஆயிரம் ரூபாய். கூட இருந்து பார்த்துக்கொள்ளும் செலவையும் அதில் மல்டிப்ளையர் (வயதை வைத்து வருடத் தொகையைப் பெருக்கும் எண்) போட்டுக் கணக்கிட்டார்கள். மனைவி கூடவே இருப்பதற்கும் விலை உண்டு என்று கேட்க இதை எடுத்துக்கொள்.

சமரசம் பேச லோக் அதாலத்துக்கு அனுப்பினால் ஜாக்கிரதை. தொகை அவருக்குப் புரிகிறதா என்று பார்க்காமல் கையெழுத்து வாங்காதே. புரியவில்லை என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 32, விதி 15-ன்படி மனைவியை நெக்ஸ்ட் ஃப்ரெண்டாக, அதாவது அவர் சார்பில் வழக்கு நடத்துபவராக, போட மனு கொடு. ஆனால் நமக்குச் சுலபம் என்பதற்காக அதைச் செய்யாதே. மனுவில் நீ எழுதுவதை அவரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இவ்வளவு பேசியும் உன் ஆள் என்ன வேலை பார்த்தார் என்று நீ சொல்லவே இல்லை. புதன்கிழமை சாயங்காலம் அழைத்து வா. மனைவியையும், முடிந்தால் வேலை கொடுத்தவரையும்.