வி-லுக்கப் விடை தராவிட்டால்...

பட்டியலில் கண்ணெதிரே இருக்கும் பெயருக்கு எக்செலின் வி-லுக்கப் ஃபார்முலா ‘என்/ஏ’ என்று கைவிரிக்கிறதா? பெரும்பாலும் காரணம், பெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வெற்றிடம். இரண்டு செல்களுக்கும் ‘லென்’ போட்டு ஒப்பிடுங்கள். (தமிழில் புள்ளியும் துணைக்குறியும் தனியாக எண்ணப்படும், ‘அம்மா’வுக்கு 5 வரும்.) எண்ணிக்கை மாறினால் பெரும்பாலும் ‘ட்ரிம்’ போதும்.

1045 போன்ற எண், செல்லின் இடப்பக்கம் ஒட்டி, மூலையில் பச்சை முக்கோணத்தோடு நின்றால், அது எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது, எண்ணாக மாற்றுங்கள். ஃபார்முலாவைக் கீழே இழுத்ததும் பிழை வருகிறதா? அட்டவணை முகவரியில் எஃப்4 அழுத்தி டாலர் குறி போடுங்கள்.

பிழையே காட்டாமல் தவறான விடையைத் தருவதுதான் பெரிய ஆபத்து. ஃபார்முலாவின் கடைசியில் ‘ஃபால்ஸ்’ எழுதாவிட்டால் எக்செல் தோராயமான பொருத்தத்தையே தேடும். விலையைத் தேடும்போது பில் தொகையே மாறிவிடும். ‘ஃபால்ஸ்’ஸை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.