தமிழ் பேசும் பிள்ளை: சிங்கப்பூர்ப் பெற்றோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. பள்ளியில் தாய்மொழிப் பாடமும் உண்டு. ஆனாலும் சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் பேசுவது தமிழே என்றவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. பள்ளி தன் பங்கைச் செய்கிறது. ஓட்டை வீட்டில்தான்.

செய்ய வேண்டியவை

• பிறந்த நாள்முதல் இரண்டு மொழியும் காதில் விழட்டும். ‘முதலில் ஆங்கிலம், தமிழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் அந்தப் ‘பிறகு’ பெரும்பாலும் வருவதில்லை.

• தமிழ் பேசியே தீரவேண்டிய ஓர் ஆள் பிள்ளைக்கு வேண்டும். பாட்டியோ தாத்தாவோ இருந்தால் அவர்களைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஊரில் இருந்தாலும் வாட்ஸ்அப் காணொளி அழைப்பு போதும். “சாப்பிட்டியா?” என்பதோடு விடாமல், இட்லி மாவு ஏன் புளிக்கவில்லை, பக்கத்து வீட்டு நாய் என்ன செய்தது என்று வம்பளக்க விடுங்கள். கோபம், கெஞ்சல், கிண்டல் எல்லாம் அப்படித்தான் நாக்கில் ஏறும். எந்தப் பாடநூலும் இதைத் தராது.

• பிள்ளைக்குத் தெரிந்த சொற்களை எண்ணினால் இரண்டு மொழியையும் சேர்த்தே எண்ணுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் குறைவாகத் தெரியலாம்.

• நூலகத்தில் தமிழ்ப் புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும். சித்திரக்கதையா? எடுக்கட்டுமே.

செய்யக்கூடாதவை

• பேச்சு தாமதமானால் தமிழை நிறுத்தாதீர்கள். இருமொழி அதற்குக் காரணமல்ல. பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். இரண்டு மொழியிலும் சோதிக்கச் சொல்லுங்கள்.

• “பஸ் மிஸ் ஆயிடுச்சும்மா” என்றால் சிரிக்காதீர்கள், திருத்தவும் வேண்டாம். “பஸ்ஸைத் தவறவிட்டுட்டியா? அடுத்தது எப்போ?” என்று பேச்சைத் தொடருங்கள். கலந்து பேசுவது குழப்பமல்ல. பெரியவர்களும் அப்படித்தானே பேசுகிறோம்.

• விருந்தாளி முன் “மாமாவுக்குத் தமிழ்ல பேசிக் காட்டு” என்று நிறுத்தாதீர்கள். பிள்ளைக்குத் தமிழ் கசக்க இது ஒன்றே போதும்.

• இருமொழி மேதையாக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். கவனத்திறன் கூடுமா என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. முதுமையைப் பற்றி மட்டும் நம்பிக்கையூட்டும் சேதி உண்டு: 2013இல் வெளியான ஹைதராபாத் ஆய்வில், மறதிநோய் வந்த 648 பேரில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகவே தொடங்கியிருந்தது, எழுத்தறியாதவர்களுக்கும்கூட. அதையும் உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

• தமிழைத் துணைப்பாட வகுப்பின் தலையில் கட்டிவிடாதீர்கள். வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி அங்கே கிடைக்கும். அண்ணன் தங்கையோடு சண்டைபோடும் தமிழ் கிடைக்காது.