ஓமந்தை வெயிலில் பூ இஞ்சி வளர்க்க

1. கண்ணாடிக் கூரை நமக்கு ஒத்துவராது. லண்டன் கியூ தோட்டத்தில் 1844 தொடக்கம் 1848 வரை கட்டிய பாம் ஹவுஸ், வெப்பநாட்டுச் செடிகளைக் குளிரிலிருந்து காக்க எழுந்தது. சித்திரை வெயிலில் ஓமந்தையில் கண்ணாடி போட்டால் செடி அவிந்துபோகும். பாதி வெயிலை மறைக்கும் பச்சை வலையைத் தலைக்கு மேல் நன்கு உயர்த்திக் கட்டுங்கள்.

2. கச்சான் காற்றுத்தான் பெரிய எதிரி. தென்மேற்குப் பக்கத்தைக் கிடுகால் அடைத்துவிடுங்கள். பந்தல் தரையில் மணல் பரப்பி, மத்தியானத்தில் அதை நனைத்தால் ஈரப்பதன் நிற்கும்.

3. நம் செம்மண் காய்ந்தால் கல்லாக இறுகும். கழுவிய தும்புத்தூள், மக்கிய மாட்டெரு, மணல் கலந்து சாடியை நிரப்புங்கள். கிழங்கின் முளைக்கண் மேலே பார்க்க, இரண்டு அங்குல ஆழத்தில் வையுங்கள்.

4. இலை நுனி கருகுகிறதா? சாடி விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் அது கிணற்றுத் தண்ணீரின் உப்பு. மாரியில் கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்து வைத்து, இடைக்கிடை அடியால் வடியும்வரை ஊற்றிக் கழுவுங்கள். பசளையைக் கூட்டினால் கருகல் இன்னும் மோசமாகும்.

5. ரெட் ஜிஞ்சரில் சிவப்பாகத் தெரிவது பூவல்ல, பூவடிச் செதில். உண்மைப் பூ வெள்ளையாக அதன் இடுக்கில் எட்டிப்பார்க்கும். பூங்கொத்து முதிர்ந்ததும் வெட்டி எறிந்துவிடாதீர்கள். செதில்களுக்கிடையில் சின்னஞ்சிறு கன்றுகள் முளைக்கும், சிலவற்றில் வேரும் விட்டிருக்கும். மெல்லக் கிள்ளி ஈரத் தும்பில் ஊன்றுங்கள். காசு கொடுத்துக் கன்று வாங்கத் தேவையில்லை.

6. ஒரு தண்டு ஒருமுறைதான் பூக்கும். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டினால் புதுக்குருத்துக்கு இடம் கிடைக்கும்.

7. இன்னொரு பூ இஞ்சியான சியாம் டியூலிப்பின் இலை மஞ்சளானால் பயப்பட வேண்டாம், அது உறங்கப்போகிறது. தண்ணீரை நிறுத்துங்கள். அப்போது ஊற்றினால் கிழங்கு அழுகும்.

8. டோர்ச் ஜிஞ்சர் ஆளைவிட உயர்ந்து வளரும், பந்தலுக்குள் அடங்காது. கிணற்றடி வாழைக்குப் பக்கத்தில் நடுங்கள். மலேசியாவில் இதன் மொட்டை அரிந்து லக்சாவில் போடுகிறார்கள்.

9. செதிலிடுக்கில் எறும்பு ஊர்ந்தால் வெண்மூட்டுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய சவர்க்காரத் தண்ணீர் போதும்.

10. வீட்டுக்குள் அலங்காரத்துக்கு வைக்கும் பூவை விடியப்புறம் வெட்டி, முழுப்பூவையும் சற்றுநேரம் தண்ணீரில் அமிழ்த்தி எடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள், கறுத்துவிடும்.